விஜயராஜ் வைத்த திருகு

திருச்செந்தூர்க் கடற்கரையில் என்னென்ன தொலையும் என்று ஜெயஷீலாவிடம் கேட்டால், தொலையாதது எது என்று அவள் திருப்பிக் கேட்பாள். மூக்குத்தி தொலையும், கொலுசு தொலையும், மொட்டை போட்ட குழந்தையின் அரைஞாண் தொலையும், கார்ச் சாவி தொலையும். அலையைக் கண்டதும் பேரன் பேத்தி எடுத்தவர்களே சின்னப் பிள்ளைகளாகிவிடுகிற இடம் அது. குதிப்பார்கள், உருளுவார்கள், ஒருவர்மேல் ஒருவர் தண்ணீரை வாரி அடிப்பார்கள். கரையேறித் துணி மாற்றும்போதுதான் விரலைப் பார்ப்பார்கள், காதைத் தடவுவார்கள். அதற்குப் பிறகு முகத்தில் ஈயாடாது.

அப்படித் திகைத்து நிற்கிறவர்களுக்குக் கடைக்காரர்கள் கை காட்டுகிற ஆள்தான் ஜெயஷீலா. பக்கத்து வீரபாண்டியன்பட்டினத்துக்காரி. கழுத்தில் செபமாலை, தலையில் வெளுத்துப்போன ஒரு தொப்பி, தோளில் மெட்டல் டிடெக்டர். முருகனைப் பார்க்க வந்த கூட்டத்தில் பாதிப் பேர் அவளைப் போலீஸ் என்று எண்ணி வழிவிடுவார்கள். மீதிப் பேர் புதையல் எடுக்கப்போகிறாளோ என்று பின்னாலேயே நடப்பார்கள். கடற்கரையில் அவள் பெயர் மிஷின்காரி. தேடி எடுத்துக் கொடுத்தால் கொடுத்ததை வாங்கிக்கொள்வாள், வாய்திறந்து கேட்க மாட்டாள். யாரும் தேடி வராத நாளில், மணலில் கிடக்கிற சில்லறையும் எப்போதாவது அகப்படுகிற ஒற்றைக் கம்மலும் அவள் பாடு.

ஒருமுறை ஒரு பெரியவரின் பல்செட் தும்மலில் பறந்து மணலுக்குள் போய்விட்டது. மிஷினுக்குப் பிளாஸ்டிக் தெரியாது, உலோகம் மட்டும்தான் தெரியும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் பல்லில்லாத வாயால் என்னென்னவோ மன்றாடினார். கடைசியில் மிஷினை ஓரமாக வைத்துவிட்டு, மண்டியிட்டு, கையாலேயே மணலைச் சலித்து எடுத்துக் கொடுத்தாள். இந்தக் கதையைத் தளவாய் இன்றைக்கும் டீ ஆற்றிக்கொண்டே வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்வார். தளவாய் அந்தக் கரையில் டீக்கடை வைத்திருப்பவர், உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டு ஊர்க்காரர், வாய் ஓயாத மனிதர்.

மிஷின் அவள் வாங்கியதல்ல. காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்து, தன் தோட்டத்தில் நாலு நாள் புதையல் தேடி, ஒரு பழைய மண்வெட்டியைத் தவிர வேறெதுவும் கிடைக்காத எரிச்சலில் விற்றுத் தொலைத்தது. வாங்கியவர் ஜெயஷீலாவின் கணவர் விஜயராஜ். தூத்துக்குடியில் சங்கு குளித்துக்கொண்டிருந்தவர். ஒருநாள் ஆழத்தில் இடது காதின் ஜவ்வு கிழிந்து, ரத்தத்தோடு மேலே வந்தார். அதற்குப் பிறகு அந்தக் காதில் இடி இடித்தாலும் கேட்காது. "இனிக் கடலுக்கு அடியில தேடாண்டாம்ளா, கரையில தேடுவோம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறவர் அவர். அது நல்ல குணம் என்றுதான் அவளும் வெகுகாலம் நினைத்திருந்தாள்.

அந்த மிஷினில் ஒரே ஒரு திருகுதான் முக்கியம். பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் இருக்குமே, அதைப் போல. எந்த உலோகத்தைக் கண்டால் கூவ வேண்டும், எதைக் கண்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று மிஷினுக்கு உத்தரவு போடுகிற திருகு அது. இடது ஓரத்தில் முழுக்கத் திருப்பி வைத்தால் எதைக் கண்டாலும் கூவும். கொஞ்சம் வலது பக்கம் திருப்பினால் ஆணியையும் துருப்பிடித்த இரும்பையும் தள்ளிவிடும். இன்னும் திருப்பினால் சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளைத் தள்ளும். அதற்கு மேலும் திருப்பினால் ஆபத்து. வெள்ளித்தாளுக்கும் மெல்லிய தங்கத்துக்கும் மிஷின் பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை. குப்பை என்று நினைத்து மூக்குத்தியையும் சேர்த்துத் தள்ளிவிடும்.

விஜயராஜ் பல நாள் கரையில் நின்று, ஆணியும் மோதிரமும் வெள்ளித்தாளும் மண்ணில் புதைத்துப் பார்த்து, ஓர் இடத்தைப் பிடித்தார். இரும்பு முழுக்கத் தள்ளுபடி, வெள்ளித்தாளுக்கு ஒரு மயிரிழை முன்னால். திருகு தேய்ந்து தானாகவே வழுக்க ஆரம்பித்ததால், ஒருநாள் எம்-சீல் ஒட்டுப்பசையைப் பிசைந்து திருகைச் சுற்றி அப்பி, பெருவிரலால் ஓங்கி அழுத்தினார். கல்லைப் போல இறுகிவிட்டது. அவர் பெருவிரல் ரேகை அதில் அப்படியே பதிந்துவிட்டது. சங்கு அறுத்த பழைய தழும்பு குறுக்கே ஒரு கோடாக ஓடுவதுகூடத் தெரியும்.

"ஆணி பொறுக்கவா வந்திருக்கோம்? இதத் தொடாதளா. இது இங்கனதான் இருக்கணும்" என்றார்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காலையில், சாப்பிட உட்கார்ந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. அடக்கம் முடிந்து, அழுகை ஓய்ந்து, வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, மூலையில் மிஷின் மட்டும் சாய்ந்து நின்றது. ஜெயஷீலா அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கரைக்கு வந்தாள். பொம்பளை இதையெல்லாம் தூக்கிக்கொண்டு திரிவதா என்று பேசினவர்கள் பேசினார்கள். பேசினவர்கள் யாரும் அவள் வீட்டு அடுப்பில் உலை வைக்கப் போவதில்லை என்பதால் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தினமும் மிஷினை முடுக்குவதற்கு முன் அந்த எம்-சீல் பள்ளத்தில் தன் பெருவிரலை ஒருமுறை வைப்பாள். அவர் விரல் பெரியது, அவளுடையது அதற்குள் தாராளமாக அடங்கும். போட்டோ வைத்திருக்கிறாள், அவர் சட்டை வைத்திருக்கிறாள். சட்டையில் வாசனை போய்விட்டது. போட்டோவில் இருக்கிற முகம் கல்யாணத்துக்கு வந்த யாரோ மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறது. தொட்டால் அவராகவே இருக்கிறது இது ஒன்றுதான்.

ஆடி மாதக் காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் தளவாய் போன் பண்ணினார். "தங்கச்சி, எங்கன நிக்கே? ஓடி வா. தாலி காணாமப் போயிட்டு."

கடைப் பெஞ்சில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் சீனித்தாய், மருமகள் சந்தனச்செல்வி. ஏரலுக்கு அந்தப் பக்கம், ஆற்றுத் தண்ணீரில் நெல் விளைகிற ஊர். சந்தனச்செல்விக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். கல்லாகச் சமைந்து போயிருந்தாள். அவள் கழுத்தில் ஒரு புது மஞ்சள் கயிறும் அதில் ஒரு மஞ்சள் கிழங்கும் தொங்கின. தாலி இல்லாத கழுத்து ஒரு நிமிஷம்கூட வெறுமனே இருக்கக் கூடாது என்று சீனித்தாய் பூஜைச் சாமான் கடைக்கு ஓடிப்போய் வாங்கி வந்து கட்டிவிட்டிருந்தாள்.

சீனித்தாய்தான் விவரம் சொன்னாள். மகன் செந்தில்முருகன் திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். நெஞ்சில் ஆபரேஷன். ஏற்கெனவே இரண்டு தடவை நாள் குறித்து, இரண்டு தடவையும் பயந்துபோய் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். நாளைக் காலையில் மூன்றாவது தடவை. "நீங்க ரெண்டு பேரும் போயி கடல்ல குளிச்சி, இலை விபூதி வாங்கிட்டு வாங்க, நான் ஆபரேஷனுக்குப் போறேன்" என்று சொல்லியிருக்கிறான். அவன் அண்ணனைத் துணைக்கு வைத்துவிட்டு வந்தார்கள். கடலில் குளித்தார்கள், நாழிக்கிணற்றில் குளித்தார்கள். அங்கே கூட்டம் நெரித்ததால் கரையில் ஓர் ஓரமாக மாமியார் சேலையை மறைத்துப் பிடிக்க மருமகள் துணி மாற்றினாள். விபூதி வாங்கிக் கழுத்தில் பூசக் கையைக் கொண்டுபோனபோதுதான் தெரிந்தது.

"ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தாலிக்கொடிய அடகு வச்சிட்டு, தாலியக் கயித்துல கோத்துப் போட்டிருந்தா. பழைய கயிறு, நனைஞ்சி அத்துப்போயிருக்கும்" என்றாள் சீனித்தாய். "என் மவன் ஏற்கனவே சாவுக்குப் பயந்துக்கிட்டுக் கிடக்கான் தாயி. இந்த மஞ்சக் கெழங்கப் பாத்தாம்னா அவ்வளவுதான்."

சந்தனச்செல்வி அப்போதுதான் வாய் திறந்தாள். "அவிய மொதல்ல என் கழுத்தத்தான் பாப்பாவக்கா. பாத்துட்டாவன்னா டேபிள்ல ஏற மாட்டாவ. டாக்டரு இனி நாள் தள்ள முடியாதுன்னு சொல்லிட்டாரு."

சாயங்காலம் நோயாளியைப் பார்க்க விடுகிற நேரத்துக்குள் அங்கே நிற்க வேண்டும். அதற்கு மத்தியானம் பஸ் ஏற வேண்டும். ஜெயஷீலா வேறெதுவும் கேட்கவில்லை, இருவரையும் கிளப்பி மணலுக்குக் கூட்டிப் போனாள். ஆனால் எந்த இடத்தில் துணி மாற்றினோம் என்று இருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒரு கூட்டத்தின் முதுகுக்குப் பின்னால், என்றார்கள். கூட்டம் போய் வேறு கூட்டம் வந்துவிட்டது. பொம்மைக் கடைக்குக் கீழே என்றாள் மாமியார், சிப்பிக் கடைக்குப் பக்கம் என்றாள் மருமகள். நல்லவேளை, இரண்டும் காய்ந்த மணல். ஈர மணலில் அந்த மிஷின் உப்புக்கே அலறும்.

பெருவிரலை எம்-சீலில் வைத்து எடுத்துவிட்டு ஆரம்பித்தாள். கோலம் போட இழுப்பதைப் போல ஒரு வரி வடக்கே, ஒரு வரி தெற்கே. வட்டத் தகட்டை மணலை ஒட்டி வீசிக்கொண்டே போனாள். காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் சில்லறைகள் கூவின. ஒரு கொலுசு மணி கூவியது. ஒரு குழந்தை மோதிரம்கூடக் கிடைத்தது, இன்னொரு நாள் கிடைத்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். சிப்பிக் கடையின் பக்கம் ஓரிடத்தில் 'டக்' என்று ஒரு முறிந்த சத்தம், பாதியில் தொண்டையைப் பிடித்த மாதிரி. முறிந்த சத்தம் இரும்பு என்று விஜயராஜ் சொல்லிக் கொடுத்திருக்கிறார். தாண்டிப் போனாள். திரும்பி வருகிற வரியிலும் அதே இடத்தில் அதே 'டக்'. அதையும் தாண்டினாள்.

வெயில் ஏறியது. பொம்மைக் கடையிலிருந்து சிப்பிக் கடை வரை முழுக்க முடித்துவிட்டு, குறுக்காக இன்னொரு தடவை இழுத்தாள். ஒன்றும் இல்லை. யார் கையிலாவது அகப்பட்டுப் போயிருக்கும் என்று தளவாய் ஜாடை காட்டினார். அவள் மனத்திலும் அதுதான் ஓடியது. எப்படிச் சொல்வது என்று தெரியாமல், ஹெட்போனைக் கழற்றாமல், மூன்றாவது தடவை தேடுவதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்தாள்.

அப்போது ஒரு காற்று அடித்தது. ஆடிக் காற்று, ஆளையே தூக்குகிற காற்று. சந்தனச்செல்வியின் முந்தானை தோளிலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்தது. அவள் இடது கையால் அதை எட்டிப் பிடித்தாள். வலது கை, அவள் சொல்லாமலே, கழுத்துக்குப் போனது. மஞ்சள் கயிற்றில் விரல்கள் மேலும் கீழும் தடவின. கிழங்கைத் தடவின. அப்படியே நின்றுவிட்டன. அதுவரை கல்லாயிருந்தவள் ஓவென்று அழுதுவிட்டாள்.

"என்னளா, என்ன தேடுத?" என்று பதறினாள் சீனித்தாய்.

"ஊக்கு, அத்த. ஊக்கும் அதோடயே போயிட்டு."

ஜெயஷீலா மிஷினை அப்படியே நிறுத்தினாள். "தாலிக் கயித்துல ஊக்கு மாட்டியிருந்தியா?"

"ஆமாக்கா. நாலஞ்சி கெடந்துச்சி."

எந்தப் பெண்தான் மாட்டவில்லை? ரவிக்கையில் ஹூக் போனால், செருப்பு வார் அறுந்தால், பிள்ளையின் கால்சட்டை பொத்தான் தெறித்தால், கை தானாகப் போகிற இடம் தாலிக்கயிறு. ஜெயஷீலாவின் கழுத்திலும் ஒரு காலத்தில் கொத்தாகத் தொங்கின. விஜயராஜ் காலில் கடல் முள்ளு தைத்து வந்து, "ஏளா, ஊக்கு குடு" என்று கையை நீட்டுவார். அவர் அடக்கத்தன்று சொந்தக்காரப் பெண்கள் தாலியைக் கழற்றியபோது ஊக்குகளும் அதோடு போயின. அதன்பிறகு அவளுக்கு ஊக்கு மாட்ட ஓர் இடமில்லை. மூன்று வருஷத்தில் அப்படி ஒரு வழக்கம் இருந்ததையே மறந்துவிட்டாள். மறக்காமல் இருந்திருந்தால் காலையிலேயே கேட்டிருப்பாள்.

இப்போது எல்லாம் விளங்கியது. ஊக்கு இரும்பு. இரும்பைக் கண்டால் வாயை மூடு என்று மிஷினுக்கு உத்தரவு. நாலைந்து ஊக்குக்கு நடுவில் பொட்டளவு தங்கம் கிடந்தால், மிஷின் இரண்டுக்கும் சேர்த்துத்தான் வாயை மூடும். அந்த முறிந்த 'டக்' ஆணியாக இல்லாமலும் இருக்கலாம். அந்த இடத்துக்கே நேராகப் போகலாம் என்று போனாள். ஆனால் காற்று மணலை ஓயாமல் வாரிக்கொண்டிருந்தது, அவள் காலடித் தடங்களே அழிந்து கிடந்தன. சிப்பிக் கடைப் பக்கம் என்பது தவிர வேறு அடையாளம் இல்லை. வீசிப் பார்த்தாள். இங்கே ஒரு 'டக்', அங்கே ஒரு 'டக்', சில இடத்தில் அதுவும் இல்லை. திருகை இடது ஓரத்துக்குத் திருப்பினால் மிஷின் எல்லாவற்றையும் சொல்லும். திருப்ப வேண்டுமானால் எம்-சீலை உடைக்க வேண்டும்.

பெருவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். கிடைக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மிஷின்காரி காலையிலிருந்து வெயிலில் நாயாக அலைந்தாள் என்று தளவாயே சாட்சி சொல்வார். திருகு என்று ஒன்று இருப்பதே அந்தப் பெண்களுக்குத் தெரியாது. இதையெல்லாம் அவள் நினைத்தாள். நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். விஜயராஜ் இருந்திருந்தால் என்ன செய்வார் என்றும் நினைத்துப் பார்த்தாள். அவர் இருந்திருந்தால் இது வெறும் எம்-சீல், உடைத்துவிட்டு நாளைக்கு வேறு வாங்கி ஒட்டுவார். அவர் இல்லாததால்தான் இது இவ்வளவு பாரமாக இருக்கிறது.

சந்தனச்செல்வி அழுகையை அடக்கிக்கொண்டு, முந்தானையைக் கையாலேயே பிடித்தபடி நின்றாள். அவளுடைய ஆள் இன்னும் இருக்கிறான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான்.

"அண்ணாச்சி, ஒரு ஸ்குரு டிரைவர் இருந்தா குடுங்க."

தளவாய் கடைக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். அவள் எங்கே வைக்கிறாள் என்று பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. அந்த எம்-சீல் கதை அவருக்குத் தெரியும். "தங்கச்சி, அது விஜயராஜு வச்சதுல்லா? நான் வேணா ஒடைக்கட்டுமா?"

"வேண்டாம் அண்ணாச்சி. நானே ஒடைக்கேன்."

ஸ்குரு டிரைவர் முனையை விளிம்பில் கொடுத்து, மண் தோண்டுகிற கரண்டியால் தட்டினாள். முதலில் அசையவே இல்லை. ஒட்டினவர் கை அப்படி. நாலைந்து தட்டுக்குப் பிறகு கீறல் விட்டது. இன்னொரு தட்டில் படக்கென்று விண்டு, பெருவிரல் பதிந்த சில்லு தெறித்து எங்கோ மணலில் விழுந்தது. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுவாள் என்று அவளுக்கே தெரியும். திருகைப் பிடித்து இடது ஓரம் வரை திருப்பினாள்.

ஹெட்போனுக்குள் பிரளயம் வந்தது போல இருந்தது. ஆணி, பாட்டில் மூடி, வெள்ளித்தாள், தகரம், கம்பி, எந்தக் காலத்துப் படகின் துருவோ, அத்தனையும் ஒரே நேரத்தில் கரகரவென்று அலறின. இரண்டு அடி நடப்பதற்குள் அவளுக்குத் தலை சுற்றியது. அந்தச் சத்தம் காதுக்குள் கம்பியை விட்டுக் குடைந்தது. இரண்டு காதும் நன்றாக இருக்கிறவளுக்கே இப்படி என்றால்.

அந்த இடத்தில்தான் அவளுக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்தது. மிஷின் வாங்கிய புதிதில் விஜயராஜ் கரையிலிருந்து திரும்பி வந்தால் நேரே கொல்லைப்புறம் போய் வாந்தி எடுப்பார். இடது காதைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருப்பார். என்ன என்று கேட்டால் வெயில் என்பார், கடற்காற்று என்பார், சிரிப்பார். பிறகு ஒருநாள் எம்-சீல் ஒட்டினார், அதோடு வாந்தி நின்றது. கேட்காத காது வலிக்கவும் செய்யும் என்று அவளுக்குத் தெரியாது, அவர் சொன்னதும் இல்லை. இரும்பை அவர் தள்ளி வைத்தது நேரம் மிச்சமாகட்டும் என்பதற்காக மட்டுமல்ல. அந்தச் சத்தத்தை அவரால் தாங்க முடியவில்லை. அவருடைய கெட்டிக்காரத்தனம் என்று இத்தனை வருஷமாகத் தடவிக்கொண்டிருந்தது, அவர் மறைத்து வைத்த வலி.

சொல்லியிருக்கலாமே மனுஷா, என்று அவளுக்குக் கோபம் வந்தது. செத்துப்போனவர் மேல் வருகிற கோபத்துக்குப் போக்கிடம் இல்லை. அது கண்ணீராகத்தான் வந்தது. தொப்பியை இன்னும் கீழே இழுத்து விட்டுக்கொண்டு, ஹெட்போனைக் கழற்றாமல், அடி அடியாக நகர்ந்தாள். அலறுகிற இடத்திலெல்லாம் உட்கார்ந்து தோண்டினாள். ஆணி. சோடா மூடி. ஆணி. தூண்டில் முள். மறுபடியும் ஆணி. சீனித்தாயும் பக்கத்தில் உட்கார்ந்து கையால் மணலை வாரத் தொடங்கினாள். தளவாய் கடையில் டீ கேட்டவர்களை அவர்களே போட்டுக் குடிக்கச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

சிப்பிக் கடைக்கு நாலு முழம் தள்ளி, மிஷின் ஒருவிதமாகக் குழறியது. இரும்பின் கரகரப்புக்கு அடியில் மெல்லியதாக இன்னொரு குரலும் இருந்தது. ஜெயஷீலா கரண்டியை வைத்துவிட்டு விரலால் தோண்டினாள். முதலில் ஓர் ஊக்கு வந்தது. அதைத் தூக்கியதும் கொத்தாக மற்றவையும், நனைந்து மண் அப்பிய மஞ்சள் கயிறும், கயிற்றில் பொட்டுத் தாலியும் இரண்டு குண்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கயிறு பின்கழுத்தில் அற்றிருந்தது. இந்தப் பக்கம் இரண்டும் அந்தப் பக்கம் இரண்டுமாகக் குத்தியிருந்த ஊக்குகள் தடுத்ததால் தங்கம் கயிற்றைவிட்டு உருவிப் போகவில்லை.

சந்தனச்செல்வி அதை வாங்கவில்லை. அப்படியே மணலில் உட்கார்ந்து, ஜெயஷீலாவின் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அந்தக் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சீனித்தாய் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டாள், திரும்பி ஜெயஷீலாவையும் கும்பிட்டாள். புதுக் கயிற்றில் தாலியைக் கோத்துக் கட்டினார்கள். கட்டி முடிந்ததும் மருமகள் ஊக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்து மறுபடியும் கயிற்றில் மாட்டினாள். ஒன்றை எடுத்து முந்தானையில் குத்திக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தளவாய் விரட்டினார். ஓட்டமும் நடையுமாகப் போனார்கள்.

அவர்கள் தலை மறைந்ததும் ஜெயஷீலா எம்-சீலை உடைத்த இடத்துக்குத் திரும்பி வந்தாள். மண்டியிட்டு மணலைக் கையால் அள்ளி, விரலிடுக்கில் ஒழுகவிட்டுப் பார்த்தாள். சின்னச் சின்னத் துணுக்குகள் கிடைத்தன. பெருவிரல் பதிந்த சில்லு கிடைக்கவில்லை. மணல் நிறத்தில் ஒரு சில்லு, லட்சம் பேர் நடக்கிற மணலில். குளித்துவிட்டுப் போன ஒருத்தி நின்று, "என்னம்மா தேடுதிய? மிஷின் இருக்குல்லா, வச்சிப் பாக்க வேண்டியதுதான?" என்றாள்.

"அது மிஷினுக்குத் தெரியாதும்மா" என்றாள் ஜெயஷீலா.

தளவாயும் வந்து கொஞ்சம் மணலைச் சலித்துப் பார்த்தார். போகும்போது அவள் பக்கத்தில் ஒரு டீயை வைத்துவிட்டுப் போனார். அது ஆறி, மணல் விழுந்து கிடந்தது.

மறுநாளும் வந்து தேடினாள். அதற்கடுத்த நாளும். மிஷினை முடுக்கவே இல்லை. அப்படி மண்டியிட்டு இருக்கும்போதுதான் சந்தனச்செல்வியிடமிருந்து போன் வந்தது. தளவாயிடம் நம்பர் வாங்கியிருக்கிறாள்.

"அக்கா, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிட்டுக்கா. இன்னைக்குக் கண்ணு முழிச்சிப் பேசுதாவ." அவள் குரல் தடுமாறியது. "அன்னைக்கி நான் உள்ள போனதும் மொதல்ல கழுத்தத்தான் பாத்தாவ. பாத்துட்டு, 'ஏளா, நான் ஆஸ்பத்திரியில கெடக்கும்போதும் ஊக்குக் கடைய எறக்கி வைக்கலியா'ன்னு சிரிச்சாவக்கா. அவிய சிரிச்சி எத்தனையோ நாளாச்சி. சிரிச்சிக்கிட்டே சரி போவோம்னுட்டாவ."

ஜெயஷீலா கையில் அள்ளியிருந்த மணலைக் கீழே விட்டாள். பிறகு, "ஏளா, ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்கோ" என்றாள். "சிரிக்காவன்னு அப்பிடியே விட்றாத. வலிக்கான்னு கேளு. இல்லன்னு சொன்னாலும் திரும்பக் கேளு."

போனை வைத்துவிட்டு முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். டீக்கடையிலிருந்து தளவாய் என்ன என்று தலையை ஆட்டிக் கேட்டார். பிழைத்துக்கொண்டான் என்று கையைக் காட்டினாள். பிறகு அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் காது வலிக்க வலிக்க நடந்து திரிந்த மணல்தானே இது.

"கெடக்கட்டும். இங்கனயே கெடக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டாள்.

மிஷினை எடுத்துத் தோளில் மாட்டினாள். பழக்கத்தில் பெருவிரல் திருகுக்குப் போனது. அங்கே இப்போது பள்ளம் இல்லை, பிசிறடித்த விளிம்பு மட்டும் உறுத்தியது. திருகு இடது ஓரத்தில் அப்படியே இருந்தது. அதை அவள் மாற்றவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு முடுக்கினாள். ஆணியும் துருவும் காதைக் குடைந்தன, தலை சுற்றியது. கேட்டுக்கொண்டே நடந்தாள்.